உன்மேல் கட்டிய பந்தயம்

சனவரி 11

முட்டிக்கு,

நீ அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. பிரித்தேன், கவிழ்த்தேன், உதறியும் பார்த்தேன். ஒரு சொல் விழவில்லை. விழுந்தது உன் நோயாளிப் பதிவேடு மட்டும். கடைசிப் பக்கத்தில், "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற வரிக்குக் கீழே, நான் ஒப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி.

உன் துறையின் வழக்கம் எனக்குத் தெரியும். இயன்முறை மருத்துவம் படிக்கும் நீங்கள் ஒரே நோயாளியைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்துப் பதிவேடு எழுத வேண்டும். அதை அந்த நோயாளி படித்து ஒப்பமிட்டால்தான் தேர்வுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒப்பம் இல்லையென்றால் உனக்குப் பட்டம் இல்லை. ஆக, அறுவை முடிந்து நான் வீடு வந்த இத்தனை நாளில் உனக்கு என்னிடம் வேண்டியிருந்தது என் பெயர் மட்டுந்தான்.

படித்தேன். முதற்பாதி அருமை. "நோயாளி: கட்டடப் பொறியியல் மாணவி, கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்" என்று தொடங்கி, என் இடது முழங்காலின் சவ்வு பயிற்சியில் எப்படிப் புண்பட்டது, வீக்கம் எப்படி வடிந்தது, நடை எப்படித் தேறியது என்று அடுக்கிக்கொண்டே போகிறாய். யாரோ ஒரு நல்ல மருத்துவர் யாரோ ஒரு நல்ல நோயாளியைப் பற்றி எழுதியது போல இருந்தது. அரையிறுதி ஆட்டத்துக்கு முந்திய நாளின் பக்கத்தில் நின்றுவிட்டேன். "ஒற்றைக்கால் தாண்டல்: இரு கால்களும் சமம். ஆடத் தகுதி உண்டு."

சமமா?

விடுதித் தாழ்வாரத்தில் நீ சுண்ணக்கட்டியோடு குந்தியிருந்தாய். வலக்காலால் தாண்டினேன், ஒரு கோடு போட்டாய். இடக்காலால் தாண்டினேன், ஒரு சாண் குறைவாக இன்னொரு கோடு போட்டாய். குனிந்து பார்த்தாய். பிறகு செருப்பின் நுனியால் இரண்டாம் கோட்டைத் தேய்த்துவிட்டு, "போதும்டி, சமந்தான்" என்றாய். தூசியைத் தள்ளுகிறாய் என்று நினைத்தேன். உன் சொல்லை வைத்துப் பேராசிரியை ஒப்புதல் தந்தார்; அவர் ஒப்புதலை வைத்துப் பயிற்சியாளர் என்னை இறக்கினார். இரண்டாம் பாதியில், எவரும் என்னைத் தொடாமலே, பந்துக்குத் தாவி இறங்கிய இடத்தில் என் முழங்கால் உள்ளே அறுந்தது.

மருத்துவமனையில் கடிகாரம் வந்து கட்டிலருகே நின்றாள். நம் அறையின் மூன்றாமவளுக்கு நேரம் தவறவும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. "முட்டி நம்ம டீம் ஜெயிக்கும்னு பந்தயம் கட்டியிருந்தாடி" என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. மயக்க மருந்து தெளிந்த பிறகு விளங்கியது.

பதிவேட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஒப்பம் இல்லை. உன் பென்சில் குறியை மட்டும் அழித்திருக்கிறேன். அழிப்பது எப்படி என்று உன்னிடம்தானே கற்றேன்.

ஒரு பந்தும் உள்ளே போகாது என்று எனக்குக் கதவு எனப் பெயர் வைத்தவள் நீ. இப்போது உனக்கும் சாத்தியிருக்கிறது.

கதவு

•

சனவரி 19

கதவுக்கு,

அந்த உறைக்குள் வைக்கக் கடிதம் எழுதாமல் இல்லை. ஒரு கடிதம் அழுதது, ஒன்று வாதாடியது, ஒன்று மன்னிப்புக் கேட்பது போல நடித்தது. எல்லாவற்றையும் கிழித்தேன். கடிதமில்லாத உறையே நேர்மை என்று எண்ணினேன். அது எவ்வளவு பெரிய திமிராகத் தெரியும் என்பது, அஞ்சல் பெட்டிக்குள் அது விழுந்த ஓசை கேட்ட பிறகுதான் உறைத்தது.

நீ எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை நீ அறிந்திருக்க வேண்டும். உனக்கு எதிராக நான் கட்டவில்லை. உன்மேல்தான் கட்டினேன். நீ கோலில் நின்றால் நம் அணி தோற்காது என்று நம்பினேன். நீ நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கோட்டைத் தேய்த்தேன். இதை எழுதும்போதே இதன் இளிவு தெரிகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

எப்படித் தொடங்கியது என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். ஒருவர் நடப்பதைப் பார்த்து, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, எந்த மூட்டு நோகிறது என்று சொல்ல எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதில் எனக்கு ஈடில்லை என்பது உனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்குமுன் முழங்காலைப் பார்க்கிறேன் என்றுதானே முட்டி என்று பெயர் வைத்தாய். ஒரு மாலை விடுதிக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஏதோ ஓர் அயல்நாட்டு ஆட்டம். ஓர் ஆட்டக்காரர் வலக்காலை வெளிப்புறமாக வீசி ஓடினார். "இவரு இன்னும் கொஞ்ச நேரத்துல உக்காந்துருவாரு பாரு" என்றேன். உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பல் மருத்துவ மாணவி ஒரு பந்தயச் செயலியைத் திறந்து கைப்பேசியை என் மடியில் வைத்தாள். "இவ்ளோ தெரிஞ்சு வச்சிக்கிட்டுச் சும்மாவா உக்காந்திருக்க?"

முதலில் என் படிப்பு வளர்ந்தது. சிரிக்காதே. ஆட்டக்காரர்களின் ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடையியல் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்றேன். பேராசிரியை என் விடைத்தாளை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். நல்ல மதிப்பெண்ணைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பழக்கம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அப்புறம் மருந்தியல் வகுப்பில் மேசைக்கு அடியில் கைப்பேசி. உலகத்தில் எங்கேயாவது ஓர் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும் என்பதை அந்தச் செயலிதான் எனக்குச் சொன்னது. நரம்பியல் தேர்வில், விடை தெரிந்த வினாக்களை அப்படியே விட்டுவிட்டுப் பாதியில் எழுந்தேன். வெளியே பையில் கைப்பேசி இருந்தது. கைப்பேசியில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்காணிப்பாளர் "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டார். ஆமென்று தலையசைத்தேன். அன்று அவர் தம் தண்ணீர்ப் புட்டியைத் தந்து அனுப்பினார்.

பணம் போனதைப் பற்றி எழுத மாட்டேன். போன பணத்தை உழைத்து ஈட்டலாம். ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்கும் ஆற்றல் என்னை விட்டுப் போய்விட்டது, கதவு. மூன்றாம் வரிக்கு வருமுன் விரல் திரையைத் தேடுகிறது.

இந்த ஆண்டு கல்லூரி ஆட்டங்களையும் அந்தச் செயலியில் சேர்த்தார்கள். நம் கல்லூரியின் பெயரை அதில் கண்ட நாளில் நான் பெருமைப்பட்டேன். எண்ணிப் பார், பெருமைப்பட்டேன்.

கைப்பேசி இப்போது கடிகாரத்தின் பெட்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. என் எண்ணை நீ தடுத்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். எனவே தாளும் மையும்.

ஒப்பம் கேட்கவில்லை. முழங்காலை முழுதாக நீட்ட முடிகிறதா? அதை மட்டும் சொல்.

முட்டி

•

சனவரி 27

முட்டிக்கு,

"உன்மேல்தான் கட்டினேன்." இந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் தூர வைத்தேன். மீண்டும் எடுத்தேன். மீண்டும் வைத்தேன். என் அம்மாவின் சலவைக் கடை எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிறது. இசுத்திரிப் பெட்டியின் ஆவி நாள் முழுதும் படியேறி வரும். அந்த ஆவியில் உன் மை கலங்கும் அளவுக்கு எடுத்து எடுத்து வைத்தேன்.

நம்பிக்கை என்றா அதற்குப் பெயர்? என்னை நம்பியவள் என் காலைப் பிடித்து "வலிக்குதாடி?" என்று கேட்டிருப்பாள். என்னை நம்பியவள், நான் ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் என்னை நம்பியிருப்பாள். நீ நம்பியது என்னையன்று. நம் அணியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் செயலி எழுதியிருந்த பந்தய எண்ணை. நட்பை எடைக்கல்லாக்கித் தராசில் வைத்துவிட்டு, அன்பால் வைத்தேன் என்கிறாய். அன்பால் வைத்தாலும் கல் கல்தான்.

என் வகுப்பார் இப்போது நில அளவைக் களப்பணிக்குப் போயிருக்கிறார்கள். முக்காலியையும் கருவியையும் தோளில் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கி அளக்க வேண்டிய பாடம். நான் கட்டிலில் கிடந்து கூரையை அளக்கிறேன். அந்தப் பாடம் எனக்கு இந்த ஆண்டு போயிற்று. உன் படிப்பை மட்டும் நீ பந்தயத்தில் வைக்கவில்லை. கேட்காமல் கொள்ளாமல் என் படிப்பையும் சேர்த்து வைத்தாய்.

ஒரே ஒரு கேள்வி. அன்று பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாய். கேட்டேன். அது எனக்காகவா, உன் கைப்பேசிக்காகவா? முழங்காலை மருத்துவர்கள் தைத்துவிட்டார்கள். இதைத் தைக்க ஆளில்லை.

முழங்கால் முழுதாக நீளவில்லை. கட்டிலில் காலை நீட்டினால் முழங்காலுக்கு அடியில் என் முட்டி மடக்கிய கை நுழைகிறது. வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் வருகிறார், தம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், போகிறார். அப்பா மின்தூக்கி பழுது பார்ப்பவர் அல்லவா, "கிரீஸ் வச்சுப் பாக்கலாமாம்மா?" என்று கேலி செய்கிறார், பிறகு மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

இதற்கு என்ன செய்வதென்று உன்னிடம் நான் கேட்கவில்லை. என் முழங்கால் கேட்கிறது. அதற்கு உன்மேல் கோபம் இல்லை போலும்.

கதவு

•

பிப்ரவரி 4

கதவுக்கு,

முதலில் உன் முழங்காலுக்கு.

நான் எழுதுவதை உன் அறுவை மருத்துவரிடம் காட்டி, அவர் சரியென்றால் மட்டும் செய். என் சொல்லை மட்டும் நம்பி நீ ஒருமுறை செய்தது போதும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று நினைக்கிறேன். அம்மா வைத்திருப்பார். எடுத்துவிடு. அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கிய வாக்கிலேயே மூட்டை இறுக விட்டுவிடும். ஒரு துண்டை உருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை. முழங்கால் அந்தரத்தில் தொங்கட்டும். அதன் எடையே அதைக் கீழே இழுக்கும். கையால் அழுத்தாதே. தொடையின் முன் தசையை இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்து. வலி இழுப்பது போல இருந்தால் பொறுத்துக்கொள். குத்துவது போல இருந்தால் நிறுத்திவிடு. நாளுக்குப் பலமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. கோண அளவி எதுவும் வேண்டாம். உன் கையே போதும். முட்டி மடக்கிய கை நுழையும் இடத்தில் நாளை விரித்த உள்ளங்கைதான் நுழையும்.

இனி உன் கேள்விக்கு.

பல நாள் எண்ணினேன். உனக்காகத்தான் கத்தினேன் என்று எழுதலாம். நீ நம்பவும் கூடும். நீ விழும் வரை எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. உன் கை பந்தைத் தொடும்போதெல்லாம் என் நெஞ்சு துள்ளியது. எதற்காகத் துள்ளியது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தேவை எழவில்லை. பிறகு நீ விழுந்தாய். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நான் முதலில் திரையைப் பார்த்தேன். ஒரு கணம்தான். பிறகு ஓடி வந்தேன். உன் தலையை என் மடியில் வைத்தேன். ஆனால் அந்த ஒரு கணம் நடந்தது, கதவு. விடை அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு கடிகாரம் வாயால் நீ கேட்க வேண்டாம். சென்ற செவ்வாய்க்கிழமை நூலகத்தில், பல் மருத்துவ மாணவியின் கைப்பேசியை வாங்கி மீண்டும் கட்டினேன். தேர்வுக்குத் தசைகளின் பெயர்களை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஒரே ஒருமுறை என்று கேட்டேன். வென்றேன். வென்றதுதான் கொடுமை, தோற்றிருந்தால் அழுதுவிட்டு அறைக்குத் திரும்பியிருப்பேன். வென்றதால் நூலகம் மூடும் வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புத்தகம் திறந்த பக்கத்திலேயே கிடந்தது. அறைக்கு வந்து கடிகாரத்திடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

முட்டி

•

பிப்ரவரி 15

முட்டிக்கு,

உன் கடிதத்தின் இரண்டாம் பாதிக்காக உன்மேல் பொங்கினேன். அதற்கு ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அதைப் படித்தால் நீ ஊரை விட்டே ஓடியிருப்பாய். பிறகு ஒன்று தோன்றியது. திரையைத்தான் முதலில் பார்த்தேன் என்று எழுத உன்னை யாரும் வற்புறுத்தவில்லை. எனக்கு நீ இதுவரை எழுதியவற்றில் அதுவே முதல் முழு உண்மை. அது எனக்கு வலித்தது; ஆனால் இழுப்பது போல வலித்தது. பொறுத்துக்கொண்டேன்.

தலையணை செய்தி வீட்டில் பெரும் பூசலாகிவிட்டது. "நான் வச்ச தலகாணியா தப்பு? பெத்தவளுக்குத் தெரியாதது உன் கூட்டாளிக்குத் தெரியுமா?" என்று அம்மா துணிகளை ஓங்கி ஓங்கி மடித்தார். அறுவை மருத்துவரிடம் உன் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்காங்க, யாரு இவங்க?" என்று கேட்டார். "என் முட்டி" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாள் தலையணை காணாமற்போனது. அம்மா அதைக் கீழே கடையில் மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறார்; நான் கெஞ்சினாலும் தரமாட்டாராம். இப்போது உள்ளங்கைகூட நெருக்கித்தான் நுழைகிறது.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

தாழ்வாரத்தில் நீ தூசியைத் தள்ளுகிறாய் என்று நான் நினைத்ததாக எழுதினேனே, அது முழுதும் உண்மை அன்று. இடக்கால் குறைந்ததை நான் தாண்டும்போதே அறிந்தேன். என் உடம்பு எனக்குத் தெரியாதா? ஆனாலும் "சமம்" என்ற சொல்லை உன் வாயால் கேட்கத் துடித்தேன். பள்ளியிலிருந்து கனவு கண்ட அரையிறுதி அது. நீ அந்தச் சொல்லைச் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? நீ பணத்துக்காகக் கண்ணை மூடினாய். நான் ஆசைக்காக மூடினேன். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழங்காலைக் களத்தில் இறக்கினோம்.

எனவே பதிவேட்டை அனுப்பு. அப்படியே அனுப்பு. "சமம்" என்றே இருக்கட்டும், ஒப்பமிடுகிறேன். நான் ஓர் ஆண்டை இழந்தது போதும். நீயும் இழக்க வேண்டாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கறதவிட ஒருத்தி பாஸ் ஆகறது நல்லதுதான்" என்றார்.

விரைந்து அனுப்பு. கடைசி நாள் நெருங்குகிறது என்று கடிகாரம் சொன்னாள்.

கதவு

•

பிப்ரவரி 24

கதவுக்கு,

உன் கடிதம் வந்த நாளில், வகுப்புக்குப் போகாமல் மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். உன் ஒப்பம் எனக்கு எவ்வளவு தேவை என்பது உனக்குத் தெரியும். நீ தருகிறேன் என்று நீட்டினாய். வாங்கக் கை எழவில்லை.

மறுநாளே பதிவேட்டைத் திருத்தினேன். எதையும் அழிக்கவில்லை. "சமம்" என்பதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில், "இடக்கால் குறைவு. ஆடத் தகுதியில்லை. பதிவேடு எழுதிய மாணவி பந்தயம் கட்டியிருந்ததால் உண்மையை எழுதவில்லை" என்று எழுதினேன். நீ ஆட ஆசைப்பட்டதை நான் எழுதவில்லை. ஆசைப்படுவது ஆட்டக்காரியின் இயல்பு. தடுப்பது என் வேலை. தவறு செய்தவர் வரிசையில் நீ வந்து நிற்க வேண்டியதில்லை. பேராசிரியையின் மேசையில் வைத்துவிட்டு, அவர் படிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். என் சொல்லை நம்பி அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் அறையில் பாடத்துக்கான எலும்புக்கூடு ஒன்று தொங்குமே, அதன் கையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"பந்தயம் இல்லைன்னா என்ன எழுதியிருப்ப?"

"ஆடக் கூடாதுன்னு எழுதியிருப்பேன் மேடம்."

"அவ அழுதிருப்பாளா?"

"அழுதிருப்பா. என்னைத் திட்டியிருப்பா. ஒரு வாரம் பேசியிருக்க மாட்டா."

"நீ?"

"பக்கத்துலயே உக்காந்திருப்பேன் மேடம்."

அவர் எலும்புக்கூட்டின் கையை விட்டார். அது ஆடி ஆடி நின்றது. "அத்தனையும் தெரிஞ்ச பொண்ணு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

துறை கூடி முடிவு செய்தது. பதிவேடு செல்லாது. மருத்துவமனைப் பயிற்சியை முழுதாக மீண்டும் செய்ய வேண்டும்; புதிய நோயாளி, புதிய பதிவேடு. விளையாட்டு அணிகளின் பக்கம் போகக் கூடாது. பட்டம் அடுத்த ஆண்டு. வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாணவர் நல ஆலோசகரின் எண்ணைக் கடிகாரத்துக்கு அனுப்பி, என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறான். போகிறேன். வாரம் இருமுறை.

செய்தி வகுப்பில் பரவிவிட்டது. ஏளனத்தை எதிர்பார்த்தேன். மாலையில் இருவர் தனித்தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, "நீ எப்படி நிறுத்தின?" என்று கேட்டார்கள். ஒருத்தி எங்கள் வகுப்பின் முதல் மாணவி. இன்னும் நிறுத்தவில்லை, இன்று கட்டவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர்களும் என்னோடு ஆலோசகரிடம் வருகிறார்கள். அவர் அறையில் நாற்காலிகள் போதவில்லை.

ஒன்றுமட்டும் இன்னும் முடியவில்லை. எந்த ஆட்டத்தையும் பார்க்க முடியவில்லை. கூடத்தில் தொலைக்காட்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு படியேறுகிறேன். பந்து உருளும் ஓசை கேட்டாலே உள்ளங்கை வியர்க்கிறது. எனக்கு ஆட்டம் பிடிக்குமா, பந்தயந்தான் பிடித்ததா என்றே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அச்சமாக இருக்கிறது.

முட்டி

•

மார்ச்சு 3

முட்டிக்கு,

உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். அம்மா இசுத்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பொண்ணு சரியா சாப்பிடறாளான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

எனக்காக ஒரு வரியை எழுதாமல் விட்டாயே, அதைக் கண்டேன். இனி யாருக்கும் தேவைப்படாத அந்தப் பதிவேட்டை அனுப்பு. நான் அதில் ஒப்பமிட விரும்புகிறேன். மதிப்பெண்ணுக்காகக் கேட்டபோது தர மனமில்லை. பிறகு இரக்கத்தால் தர முன்வந்தேன். இப்போது அது உண்மை என்பதால் தருகிறேன். நீயே வைத்துக்கொள்.

உன் எண்ணைத் தடுத்ததையும் எடுத்துவிட்டேன். ஆனால் கைப்பேசியைக் கேட்டு வாங்காதே. எனக்குக் கடிதமே பிடித்திருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கும்போது கோபம் தன்னால் ஆறுகிறது.

இனி வேலை. வருகிற ஞாயிறு நம் மைதானத்தில் நம் அணிக்கு ஆட்டம். என் இடத்தில் கணக்குத் துறைக்காரி நிற்கிறாள். நல்ல கை, ஆனால் அஞ்சுவாள். நான் போக முடியாது. யாரோ அனுப்பும் கோல் கணக்கு எனக்கு வேண்டாம். எனக்கு ஆட்டம் வேண்டும். நீ போ. அணியின் மருத்துவ மாணவியாகப் போகாதே, அதற்கு உனக்குத் தடை. வேலிக்கு வெளியே, சீட்டு வாங்கிக்கொண்டு, எல்லாரையும் போல நில். கடிகாரத்தைத் துணைக்கு அழைக்காதே. தனியாகப் போ. எனக்குப் பதிலாகப் பார். முடியவில்லையென்றால் பாதியில் திரும்பி வந்துவிடு, அதையும் எழுது.

உன்மேல் நான் ஒன்றும் கட்டவில்லை. வெறுமனே கேட்கிறேன்.

கதவு

•

மார்ச்சு 10

கதவுக்கு,

போனேன்.

வாயிலில் சீட்டு கிழிப்பவர் என்னை அடையாளம் கண்டு, "உள்ள போம்மா, உனக்கெதுக்குச் சீட்டு?" என்றார். வாங்கியே தீருவேன் என்று நின்றேன். பின்னால் நின்றவர்கள் என்னைக் கிறுக்கி என்றே முடிவு செய்திருப்பார்கள்.

வேலியோரம் நின்றேன். தொடக்க ஊதல் கேட்டதும் உள்ளங்கை நனைந்தது. பக்கத்தில் வணிகவியல் மாணவன் ஒருவன்; ஒரு கண் களத்தில், ஒரு கண் கைப்பேசியில். என்னைப் பார்த்து, "அக்கா, அடுத்த கோல் யாரு போடுவாங்கன்னு நெனைக்கிறீங்க? சொல்லுங்க, உங்களுக்கும் சேத்துக் கட்றேன்" என்றான். எதிரணியின் நடுக்களப் பெண்ணின் ஓட்டத்தை நான் அதற்குள் படித்துவிட்டிருந்தேன். அவளுக்கு இடுப்பு பிடித்திருந்தது. அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. விடை என் நாக்கு நுனியில் நின்றது. "எனக்கு எதுவும் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தேன். திரும்பிவிடலாம் என்று வாயில் வரைக்கும் போனேன். அங்கிருந்துதான் கோலில் நின்ற கணக்குத் துறைக்காரியைப் பார்த்தேன்.

அவளைப் பற்றி நீ சொன்னது போதாது. அவள் அஞ்சுவதில்லை, நடுங்கிக்கொண்டே நிற்கிறாள், அது வேறு. பந்து தொலைவில் இருக்கும்போது கையுறையைக் கழற்றுவாள், மாட்டுவாள், கழற்றுவாள். பந்து நெருங்கியதும் அத்தனையும் அடங்கிவிடும். முதல் பந்து அவள் விரலில் பட்டு மேலே எகிறியது. அவளே நம்பாமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம் பின்களப் பெண் அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள். ஒருமுறை வெளியே வந்தவள் வழுக்கி விழுந்து, உட்கார்ந்த வாக்கிலேயே காலால் பந்தைத் தள்ளிவிட்டாள். எவருக்கும் அப்படியொரு தடுப்பு தெரிந்திருக்காது, அவளுக்கே தெரிந்திருக்காது. "எந்திரிடி, எந்திரிடி" என்று யாரோ கத்தினார்கள். தொண்டை எரிந்தபோதுதான் கத்தியது நான் என்று தெரிந்தது.

இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்க வேலிப் பக்கம் வந்தாள். "அக்கா, அவங்க வரலையா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். "என்னை அனுப்பியிருக்கா" என்றேன். "அவங்களுக்கு நல்லா எழுதுங்க, நான் விட்ட கோலையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்: ஒரு கோலை அவள் விட்டாள். மூலையிலிருந்து வந்த பந்து. முன்னால் இருவர் மறைத்துவிட்டார்கள். நீயும் விட்டிருப்பாய். கோபித்துக்கொள்ளாதே.

இரண்டாம் பாதி முழுதும் நின்றேன். மழை தூறியது. பாதிப் பேர் குடையைத் தேடி ஓடினார்கள். கடைசியில், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், எதிரணிப் பெண் தனியாக உள்ளே நுழைந்துவிட்டாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் கணக்குத் துறைக்காரி மட்டும். அவள் பாயவில்லை. நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அடிப்பவள் பொறுமை இழந்து அடிக்கும் வரை அப்படியே நின்று, பிறகு இடப்பக்கம் முழு நீளத்துக்கு விழுந்தாள். பந்து அவள் மணிக்கட்டில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. சேற்றிலிருந்து எழுந்து அவள் யாரையும் பார்க்கவில்லை, கையை மட்டும் தூக்கினாள். நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதே. நல்ல அழுகை.

அறைக்கு வந்து ஈரத்தோடு நின்றபடி, அந்தத் தடுப்பைக் கடிகாரத்துக்கு நடித்துக் காட்டினேன். விளக்கை இடித்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவள், "சரிடி, யாரு ஜெயிச்சா?" என்றாள்.

உண்மையாகவே நினைவு வரவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். நாம் ஒரு கோலும் போடவில்லை, ஆக, தோற்றிருக்கிறோம்.

முட்டி